ரொறன்ரோவில் ஜனவரி சைக்கிள்: ஆணி ரயர் வேணுமா? லேன் வழிக்கிறதுக்கு என்னத்தைக் கேக்கிறது?

டான்ஃபோர்த்_கிழக்கு:

எல்லாருக்கும் வணக்கம். மெயின் ஸ்ட்ரீட் சப்வேக்குப் பக்கத்தில இருந்து டான்ஃபோர்த், வயடக்ட் பாலம், ப்ளூர் வழியா ஸ்பதைனா வரைக்கும் போற பாதை. ஒரு பக்கம் 9 கி.மீ.க்குக் கிட்ட வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சிக்கல் இல்லை. கேள்வி டிசம்பரில இருந்து மார்ச் வரைக்கும்தான்.

வண்டி: ஸ்டீல் ஃப்ரேம், 700 அளவுச் சில்லு, 32 மி.மீ. ரயர், ரிம் பிரேக், பின்னுக்கு 8 கியர், மட்கார்ட் பூட்டியிருக்கு. இரவில நிக்கிறது கொண்டோ நிலக்கீழ்த் தரிப்பிடத்தில. அது சூடான இடம்.

1. நகராட்சி உப்புப் போடுது. அப்ப ஆணி ரயர் (ஐஸில பிடிக்கிறதுக்கு ஆணி பதிச்ச ரயர்) உண்மையில வேணுமா? வேணுமெண்டால் முன் சில்லுக்கு மட்டும் போதுமா? எந்த வகை?

2. உப்புத் தண்ணி செயின், கேபிள், ரிம் எல்லாத்தையும் தின்னும் எண்டு தெரியும். கிழமைக்கு ஐந்து நாள் ஓடுற வண்டிக்கு எவ்வளவு பராமரிப்பு வேணும்? ஒவ்வொரு நாளும் கழுவவேணும் எண்டால் அது நடக்காது.

3. இதுதான் பெரிசு. ரோட்டை வழிக்கிற வண்டி போனதும் அந்த ஸ்னோ சைக்கிள் லேனுக்குள்ள வந்து விழுது. லேனை வழிக்கிற சின்ன வண்டி வந்தாலும் சந்தியில ஒரு வரம்பு மிஞ்சுது. எங்கட கட்டடத்தில பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கவுன்சிலருக்குக் கடிதம் எழுதப் போறம். "பாதுகாப்பான பாதை வேணும்" எண்டு பொதுவா எழுதினால் பதிலும் பொதுவாத்தான் வரும். குறிப்பா என்னத்தைக் கேக்கவேணும்?

செயின்_எண்ணெய்:

1, 2க்கு நான் சொல்லுறன். மூன்றாவதை வீதி வேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

ஆணி வேணும், இரண்டு சில்லுக்கும். சாதாரண உப்பு ‑9, ‑10 பாகை வரைக்கும்தான் ரோட்டில உருப்படியா வேலை செய்யும். 23 சதவீத உப்புக் கரைசல் ‑21 வரை உறையாது எண்டது போத்தலுக்குள்ள சரி. ரோட்டில உருகிற ஸ்னோ அந்தக் கரைசலை நீர்த்துப்போகப் பண்ணிப்போடும். ஆனா ரொறன்ரோவில கூடின ஆபத்து பெருங்குளிர் நாளில இல்லை. பகல் +2, இரவு ‑6 எண்டு ஏறி இறங்கிற நாளிலதான். கரையில குவிச்ச ஸ்னோ பகல் உருகி லேனுக்குக் குறுக்கால ஓடும், இரவு இறுகும், காலை இருட்டில வெறும் ஈரத் தார் மாதிரித் தெரியும். அப்பிடியான காலைகள் கனக்க இல்லை. எந்தக் காலை எண்டு மட்டும் முன்கூட்டித் தெரியாது.

உங்கட பாதையில இன்னொரு இடம் வயடக்ட். பாலத்துக்குக் கீழேயும் குளிர் காத்து ஓடுறதால தளம் நிலத்து ரோட்டை விட முந்தி உறையும். டான்ஃபோர்த் வெறும் ஈரமா இருக்கிற நேரத்திலயே பாலத்தில ஐஸ் இருக்கலாம். பாலத்துக்கு ஏறமுதலே வேகத்தைக் குறையுங்கோ. பாலத்தில பிரேக் பிடிக்கிற தேவையே வரக்கூடாது.

முன் சில்லு வழுக்கினால் திருத்திப் பிடிக்க நேரமில்லை, விழுந்தாச்சு. பின் சில்லு வழுக்கினால் பெரும்பாலும் பிடிக்கலாம். ஆகவே காசு ஒன்றுக்குத்தான் இருக்கெண்டால் முன்னுக்குப் போடுங்கோ. ஆனா ஐஸில நீங்கள் பிடிக்கப்போறது பின் பிரேக்கைத்தான். வெறும் ரயர் அங்க பூட்டிக்கொண்டு பக்கவாட்டில போகும். அதுதான் இரண்டுக்கும் எண்டு சொல்லுறன்.

வகை: ஆணியின்ர நுனி கார்பைட் எண்டு எழுதியிருக்கிறதை மட்டும் வாங்குங்கோ. மலிவான இரும்பாணி வெறும் தாரில ஒரு குளிர்காலத்திலயே மழுங்கிப்போகும், ரொறன்ரோவில நீங்கள் ஓடுறதில பெரும்பகுதி வெறும் தார்தான். முந்தி நோக்கியன் பெயரில வந்து இப்ப சுவோமி எண்டு வாற ஹக்கபெலிட்டாவில பெயரே ஆணிக் கணக்கு: டபிள்யூ106 எண்டால் 106 ஆணி, டபிள்யூ240 எண்டால் 240. 106இல ஆணி இரண்டு வரிசை, நேரா ஓடவும் மெதுவாத் திரும்பவும் போதும். 240இல நாலு வரிசை, கார்ச் சில்லுத் தடம் உறைஞ்சு பள்ளம் பள்ளமாக் கிடக்கிற ஒழுங்கைக்கு அதுதான். ஷ்வால்பே மாரத்தான் வின்டர் ப்ளஸும் இந்த இரண்டாவது வகை. டான்ஃபோர்த்–ப்ளூர் மாதிரி வழிக்கிற பாதைக்கு 106 காணும்.

வாங்கமுதல் இடைவெளியை அளவுங்கோ. 32 இருக்கிற இடத்தில 35 மி.மீ. ரயர் போகும், ஆனா மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில 6 மி.மீ. ஆவது மிஞ்சவேணும். இல்லாட்டி ஈர ஸ்னோ அதுக்குள்ள அடைஞ்சு இறுகிச் சில்லே சுத்தாது. இடமில்லையெண்டால் மட்கார்டைக் கழட்டாதேங்கோ, 30 அல்லது 32இல ஆணி ரயர் தேடுங்கோ. மட்கார்ட் இல்லாமல் உப்புக் கஞ்சி நேர செயினுக்குத்தான் போகும்.

பூட்டேக்க கையுறை போடுங்கோ, ரயரின்ர பக்கத்தில சுத்துற திசையைக் காட்டுற அம்புக்குறியைப் பாருங்கோ. பூட்டின பிறகு முதல் 40, 50 கி.மீ. வெறும் காய்ஞ்ச ரோட்டில, இறுக்கிப் பிரேக் பிடிக்காமல், எழும்பி மிதிக்காமல் ஓடவேணும். அப்பதான் ஆணி ரப்பருக்குள்ள சரியா இருந்துகொள்ளும். இதை விட்டிட்டு முதல் ஸ்னோ விழுந்த அண்டைக்குப் பூட்டினால் மார்ச்சுக்குள்ள அரைவாசி ஆணி காணாமல் போயிருக்கும். நவம்பர் நடுப்பகுதியிலயே பூட்டுங்கோ.

காத்து: நிலக்கீழ்த் தரிப்பிடத்தில 20 பாகையில 50 பிஎஸ்ஐ போட்டால் வெளியில ‑10இல அது 43 ஆகும். கணக்குத் தெரியாமல் அடிக்கிற ஆக்கள் கனபேர். 75 கிலோ ஆளுக்கு 35 மி.மீ. ரயரில வெளியில 45 இருக்கட்டும், ஐஸ் எண்டால் இன்னும் ஐந்து குறையுங்கோ. ரயரின்ர பக்கத்தில அச்சிட்ட ஆகக் குறைஞ்ச அளவுக்குக் கீழ மட்டும் போகாதேங்கோ.

இனி உப்பு. ஒவ்வொரு நாளும் கழுவத் தேவையில்லை. வந்ததும் ஒரு பழந்துணியால செயினைப் பிடிச்சுக்கொண்டு மிதியைப் பின்னுக்குப் பத்துச் சுத்து. அதே துணியால ரிம்மின்ர இரண்டு பக்கமும், பிரேக் கட்டையும். இரண்டு நிமிடம். கிழமைக்கு ஒருக்கா 2 லீட்டர் தோட்டத் தெளிப்பானால வெறும் தண்ணி அடிச்சுத் துடைச்சு, ஈரத்துக்கான செயின் எண்ணெய் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி, பத்து நிமிடம் விட்டு வெளிப்பக்கத்தை நல்லாத் துடையுங்கோ. அழுத்தத் தண்ணிக் குழாயைப் பெயாரிங் (அச்சுகளுக்குள்ள இருக்கிற குண்டுகள்) பக்கம் காட்டவே கூடாது, கிறீஸை வெளிய தள்ளி உப்புத் தண்ணியை உள்ள ஏத்திப்போடும்.

செயின் தேய்வை மாதம் ஒருக்கா அளவுங்கோ. 12 முழுக் கண்ணி புதுசில 304.8 மி.மீ. 307 வந்தால் மாத்தவேணும். விட்டால் பின் கியர் முழுக்கச் சேர்த்து மாத்திற செலவு வரும்.

கேபிள்தான் உங்கட இடத்தில கவனம். சூடான தரிப்பிடத்தில ஸ்னோ உருகி, பின் பிரேக் உறைக்குள்ள தண்ணி இறங்கும். காலை ‑12இல வெளியில வந்து ஐந்து நிமிடத்தில அது உள்ளுக்கு உறையும். லீவரை அமத்தினால் திரும்பி வராது, கட்டை ரிம்மில உரசிக்கொண்டே நிக்கும். அக்டோபரில ஸ்டெயின்லெஸ் உள்கம்பியும் புது உறையும் போடுங்கோ. ஃப்ரேமில இடம் இருந்தால் இடையில வெட்டில்லாத முழு நீள உறை. உள்ள மெல்லிய எண்ணெய் சில துளி. வந்ததும் கையால ஸ்னோவைத் தட்டிவிட்டு, கேபிள் நுனிகளைத் துடைச்சால் பாதிப் பிரச்சினை போச்சு.

ரிம் பிரேக்கால ஓடலாம், ஆனா இரண்டு விஷயம். ஈர ரிம்மில முதல் ஒன்றிரண்டு சுத்து தண்ணியைத் துடைக்கத்தான் போகும், பிடிக்கிறது அதுக்குப் பிறகு. ஆகவே சந்திக்கு வரமுதலே மெல்லமா ஒருக்கா உரசவிட்டு ரிம்மைக் காயவைக்கவேணும். கூல்ஸ்டாப் கொம்பனியின்ர சால்மன் நிற (இளஞ்சிவப்பு மாதிரி) பிரேக் கட்டை ஈரத்தில மற்றதை விட நல்லாப் பிடிக்கும். மற்றது, மணலும் உப்பும் சேர்ந்து ரிம்மை அரைக்கும். ரிம்மின்ர பக்கத்தில இருக்கிற தேய்வுக் கோடு மறைஞ்சால் அந்த ரிம்மை மாத்தவேணும். பொறுக்கக்கூடாது, காத்தழுத்தத்தில அது வெடிச்சுப் பிரியும்.

கடைசியா, சீட் கம்பி. அலுமினியக் கம்பி ஸ்டீல் ஃப்ரேமுக்குள்ள உப்போட சேர்ந்தால் ஏப்ரலில ஒட்டிப் பிடிச்சிருக்கும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும். மாதம் ஒருக்கா வெளிய எடுத்துத் துடைச்சுக் கிறீஸ் போடுங்கோ. மிதிக்கட்டை மரைக்கும் அப்பிடியே.

வடக்கு_65:

மேலே சொன்ன அத்தனையும் சரி. ஆனால் ஓட்டுபவர் எவ்வளவு தயாரானாலும், பாதையை யார் எப்போது வழிக்கிறார்கள் என்பதுதான் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. குளிர் காரணம் என்றால் ஃபின்லாந்தின் ஔலு நகரத்தில் ஒருவரும் சைக்கிளைத் தொடக் கூடாது. 65ஆம் பாகை வடக்கு, ஜனவரி சராசரி ரொறன்ரோவை விடக் குளிர், டிசம்பர் கடைசியில் பகல் மூன்றரை மணி நேரம். அங்கே குளிர்காலத்திலும் பத்துப் பயணத்தில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது. குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலில் 2013இல் அங்கேதான் கூடியது. பிறகு மொன்றியலுக்கும் (2017) கல்கரிக்கும் (2019) போனது.

ஔலுவின் முறையை அப்படியே ரொறன்ரோவுக்குக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கனடாவில் கடிதம் எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

ஔலுவில் பனியைத் தார் தெரிய வழிப்பதில்லை. மாதக்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழேயே இருக்கும் ஊர் என்பதால் பனியை அழுத்தி இறுக்கி, அதன் மேல் பள்ளம் பள்ளமாகக் கீறும் பல் வைத்த அலகால் சீவி, கொஞ்சம் பொடிக்கல் தூவுகிறார்கள். உப்பு இல்லை. இறுகிய காய்ந்த பனியில் டயர் நன்றாகவே பிடிக்கும், ஆணி இல்லாமலும் பலர் ஓட்டுகிறார்கள். முதன்மைப் பாதைகள் காலை வேலை நேரத்துக்கு முன் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் அதே பாதைதான்.

இதை ரொறன்ரோவில் செய்தால் முதல் +3 நாளிலேயே இறுகிய பனி கஞ்சியாகும், அன்று இரவே கல்லாகும். பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் ஊர்களுக்கு வேறு முறை: துடைத்து உப்புநீர் தெளிப்பது. வண்டியின் முன்னால் உருளைத் தூரிகை, பின்னால் உப்புக் கரைசல் தொட்டி. தூரிகை பனியைத் தார்வரை துடைத்துவிடும், கரைசல் மிச்சத்தை ஒட்டவிடாது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் 1999–2000 குளிர்காலத்தில் இதைச் சோதித்துத் தொடங்கினார்கள், பின்னர் ஸ்டாக்ஹோமும் எடுத்துக்கொண்டது. அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் மேடுபள்ளமான தாரில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரை விட்டுத்தான் போகும். அந்த ஒன்றிரண்டுதான் இரவில் ஐஸ். தூரிகையின் பயன் அங்கேதான்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே தடவையில் நிறையக் கொட்டினால் தூரிகை திணறும், முதலில் அலகு போக வேண்டும். கடுங்குளிரில் கரைசல் பயன் தராது. தூரிகை வண்டி மெதுவாகப் போவதால் ஒரு வண்டிக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை கி.மீ. முடியும் என்று முன்பே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் வண்டி மட்டும் வாங்கினால் பாதையின் கடைசிப் பகுதிக்கு அது வந்து சேரும்போது காலை பத்து மணி ஆகியிருக்கும்.

வீதி_வரைபு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: நேரம், இடம், சந்தி.

நேரம். ஒன்ராறியோவில் நகராட்சிகளின் வீதிப் பராமரிப்புக்கு ஆகக் குறைந்த தரம் ஒழுங்குவிதி 239/02இல் இருக்கிறது. 2018இல் அதில் சைக்கிள் லேனுக்கும் அட்டவணை சேர்த்தார்கள். வாகன எண்ணிக்கை, வேக எல்லை இரண்டையும் வைத்து வீதிகளை வகை பிரிப்பார்கள். மூன்றாம் வகை வீதியில் 8 செ.மீ. பனி சேர்ந்தால் கார்ப் பாதையை 12 மணி நேரத்துக்குள் வழிக்க வேண்டும். அதே வீதியின் சைக்கிள் லேனுக்கு 24 மணி. மாலை ஐந்து மணிக்குப் பனி நின்றால் மறுநாள் காலை வேலைக்குப் போகும் நேரத்தில் லேன் வழிக்காமல் கிடப்பது விதிமீறல் அல்ல. ஆனால் அது ஆகக் குறைந்த தரம் மட்டுமே, அதை விட நன்றாகச் செய்ய நகராட்சிக்குத் தடையில்லை. எனவே கேட்க வேண்டியது: "டான்ஃபோர்த்–ப்ளூர் பாதையில், எந்த நேரம் பனி நின்றாலும், வேலை நாளில் காலை 7 மணிக்கு முன் ஒரு தடவை முழு அகலமும் வழித்திருக்க வேண்டும்." மணிக்கணக்கில் கேட்காமல் கடிகார நேரத்தில் கேளுங்கள். கல்கரி 2015இல் நகர மையத்தில் சோதனையாகப் போட்ட லேன்களை 2016 கடைசியில் நிரந்தரமாக்கியது. அங்கே வாக்குறுதி பனி நின்ற 24 மணிக்குள். அதுவே நல்ல முன்னேற்றம்தான், ஆனால் காலைப் பயணத்துக்கு உத்தரவாதம் தராது.

இடம். பனியை எங்கே வைப்பது என்பதை வரைபடம் போடும்போதே தீர்க்க வேண்டும். சின்னக் கணக்கு: 3.3 மீ. கார்ப் பாதை, 1.8 மீ. சைக்கிள் லேன், சேர்த்து 5.1 மீ. 10 செ.மீ. பனி விழுந்தால் வீதியின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரைக் கன மீட்டர். வழித்து அமுக்கினால் மூன்றில் ஒன்றாகும், 0.17 கன மீட்டர். கார்ப் பாதைக்கும் லேனுக்கும் இடையில் 60 செ.மீ. தான் இடைவெளி என்றால் 40 செ.மீ. உயர முக்கோணக் குவியலில் 0.12 தான் கொள்ளும். மிச்சம் லேனுக்குள் விழும். நீங்கள் காண்பது இதைத்தான், வண்டி ஓட்டுநரின் கவனக்குறைவு அல்ல. இடைவெளி 1 மீட்டர், குவியல் அரை மீட்டர் என்றால் 0.25 கொள்ளும், ஒரு பெரும்பொழிவைத் தாங்கும். இப்போதிருக்கும் குறுகிய இடைவெளியை உடனே அகலமாக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது குவியலை லொறியில் ஏற்றி அகற்றுவது: "லேனின் திறந்த அகலம் 1.5 மீட்டருக்குக் குறைந்தால் 72 மணிக்குள் அகற்ற வேண்டும்" என்பது போல ஒரு எண்ணை வையுங்கள். எண் இல்லாவிட்டால் அகற்றும் லொறி கார்த் தரிப்பிடம் அடைபட்ட வீதிகளுக்குத்தான் முதலில் போகும்.

வழிக்கும் சின்ன வண்டியின் அகலமும் கணக்கில் வர வேண்டும். நடைபாதை வழிக்கும் வகை வண்டிகளின் அலகு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சிமெந்துக் கட்டைக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில் அதை விடச் சிறிது கூட இருந்தால்தான் ஓட்டுநர் துணிந்து ஓட்டுவார். புதிய லேன் போடும்போது உள் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பனிக்குள் கட்டை புதைந்து போகும், அலகு இடித்தால் இரண்டுக்கும் சேதம். ஒவ்வொரு கட்டை வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் உயரமான குறிக்கம்பம் வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கம்பங்களை மட்டும் நம்பிய லேன்களில் பிப்ரவரிக்குள் பாதிக் கம்பம் சாய்ந்திருக்கும், பிறகு கார்கள் உள்ளே நிற்கத் தொடங்கும்.

உருகும் நீரின் திசையையும் பாருங்கள். குவியல் மேட்டுப் பக்கத்திலும் வடிகால் தாழ்வுப் பக்கத்திலும் இருந்தால் உருகுவதெல்லாம் லேனைக் குறுக்கே கடந்துதான் வடிகாலுக்குப் போகும். செயின்_எண்ணெய் சொன்ன காலை ஐஸ் அங்கேதான் உண்டாகிறது. நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய சைக்கிள் பாதையில் 2 சதவீதச் சரிவை வீதிப் பக்கமாக வைத்து, பனியையும் அந்தத் தாழ்வுப் பக்கத்தில் குவித்தால் உருகும் நீர் லேனைத் தொடாது. வீதி மட்டத்தில் இருக்கும் டான்ஃபோர்த் லேனில் அது முடியாது. ஆகவே அங்கே தினமும் மாலை உருகிய இடங்களில் மட்டும் உப்புநீர் தெளிக்கக் கேளுங்கள். முழு நீளமும் தேவையில்லை, இடங்களைக் குறித்துக் கொடுங்கள்.

சந்தி. வரம்பு மிஞ்சுவதற்குக் காரணம், குறுக்கு வீதியை வழிக்கும் பெரிய வண்டியும் லேனை வழிக்கும் சின்ன வண்டியும் வேறு வேறு ஒப்பந்தம், வேறு வேறு நேரம் என்பதுதான். சின்ன வண்டி முதலில் வந்துவிட்டால் பிறகு வரும் பெரிய வண்டி லேனின் வாயை அடைத்துவிட்டுப் போகும். தீர்வு வரிசையைக் கட்டுவது: பெரிய வண்டி குறுக்கு வீதியை முடித்த பின்னர் சின்ன வண்டி சந்திகளுக்கு மட்டும் இன்னொரு சுற்று வர வேண்டும். இதை ஒப்பந்தத்தில் தனி வேலையாக எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

எங்கே கொடுப்பது? ஒவ்வொரு இடத்தையும் 311இல் (நகராட்சியின் சேவைக் கோரிக்கை எண்) பதிந்து கோரிக்கை எண்ணை வைத்திருங்கள். நகராட்சிக்கு எப்போது தெரியவந்தது என்பதும் ஒழுங்குவிதியில் முக்கியம், உங்கள் பதிவு அதற்குச் சான்று. நகராட்சி குறிப்பிடத்தக்க வானிலை நிகழ்வு என்று அறிவித்திருந்தால் அந்தக் கால எல்லைகள் நிறுத்திவைக்கப்படும் என்பதையும் கவனியுங்கள், அந்த நாட்களை உங்கள் பட்டியலில் தனியாகப் பிரியுங்கள். கவுன்சிலருக்கு எழுதும் அதே கடிதத்தை உட்கட்டமைப்பு, சுற்றாடல் குழுவுக்கும் அனுப்பி, அது பேசப்படும் கூட்டத்தில் நேரில் பேசப் பெயர் கொடுக்கலாம். வரவுசெலவுத் திட்டம் ஜனவரியில் பொதுமக்கள் முன் வரும். அதற்குப் பிறகு அனுப்பிய கோரிக்கை அடுத்த குளிர்காலத்துக்கும் பிந்திவிடும்.

ஒரு கவனம். 2024 நவம்பரில் மாகாணம் நிறைவேற்றிய 212ஆம் சட்டமூலம் ப்ளூர், யங், யுனிவர்சிட்டி லேன்களை அகற்ற வழி செய்தது. 2025 ஜூலை 30இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அந்த அகற்றல் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது, மாகாணம் மேன்முறையீடு செய்தது. இந்த வாதத்தை உங்கள் கடிதத்துக்குள் இழுக்காதீர்கள். இருக்கிற லேனை வழிப்பது நகராட்சியின் அன்றாட வேலை, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதே நேரம் நன்றாக வழித்த லேனில் ஜனவரியில் ஓடும் ஆட்களின் எண்ணிக்கை, லேனைக் காப்பாற்றுகிற மிக வலுவான ஆதாரம். காலை 7:30 முதல் 8:30 வரை ஒரே இடத்தில் நின்று எண்ணி, பனி விழுந்த மறுநாள் எண்ணையும் வழித்த பின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

டான்ஃபோர்த்_கிழக்கு:

இவ்வளவு விபரம் எதிர்பார்க்கேல்லை, மிக்க நன்றி. இன்னும் இரண்டு. கட்டடத்தில இரண்டு பேரிட்ட ஈ-பைக் இருக்கு, அவைக்கு வேற கவனம் ஏதும் உண்டோ? மற்றது உடுப்பு. ‑10இல 40 நிமிடம் ஓட என்ன போடுறது?

மாண்ட்ரியல்_மிதி:

ஈ-பைக்: லித்தியம் பேட்டரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும், உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. வெளியில் இருந்து வந்ததும் கழற்றி உள்ளே வைத்து, தொட்டால் குளிர் தெரியாத அளவுக்கு ஆனபிறகு சார்ஜ். கிளம்பும்போது கடைசி நிமிடத்தில் பூட்டுங்கள், நியோப்ரீன் உறை இருந்தால் வெப்பம் கொஞ்சம் நிற்கும். ‑10இல் வழக்கமான தூரத்தில் கால் பங்கு குறையும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். முக்கியமாக, பழுதானால் சப்வேயில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை டிடிசி (ரொறன்ரோ பொதுப் போக்குவரத்து) வண்டிகளிலும் நிலையங்களிலும் லித்தியம் பேட்டரி ஈ-பைக்குக்குத் தடை. சாதாரண சைக்கிளுக்கும் வார நாட்களின் நெரிசல் நேரத்தில் சப்வேயில் இடமில்லை.

உடுப்பு: காற்றே இல்லாத ‑10இல் நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால் முகத்துக்கு அது ‑18 போல. உடம்புக்கு அப்படியில்லை, பத்து நிமிடத்தில் சூடேறிவிடும். அதனால் வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் அளவு சரி. கதகதப்பாக இருந்தால் ஒரு உடுப்பு அதிகம். வேர்வைதான் எதிரி, சிக்னலில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் நனைந்த பனியன் முதுகை உறைய வைக்கும். உள்ளே மெரினோ கம்பளி, மேலே மெல்லிய ஃப்ளீஸ், வெளியே காற்றைத் தடுக்கிற, அக்குளில் ஜிப் உள்ள ஜாக்கெட். பருத்தி எங்கேயும் வேண்டாம். பணத்தைக் கைக்கும் காலுக்கும் செலவழியுங்கள். ஹேண்டில்பாரில் மாட்டுகிற பெரிய உறைகள் இருந்தால் உள்ளே மெல்லிய கையுறையோடு பிரேக்கை நன்றாக உணர்ந்து பிடிக்கலாம், தடித்த கையுறையில் அது முடியாது. காலுக்குத் தட்டை மிதிக்கட்டை, சாதாரண வின்டர் பூட்ஸ், விரலை அசைக்க இடம் இருக்கும் அளவில். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி. காற்றுக் குளிர் ‑28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும், அன்று மூக்கு கன்னம் மூடி, பனிச்சறுக்குக் கண்ணாடி போடுங்கள்.

விளக்கு: டிசம்பரில் மாலை 4:40க்கே சூரியன் மறைகிறது. ஒன்டாரியோ சட்டப்படி மறைவதற்கு அரை மணி முன்பிருந்து உதித்த அரை மணி வரை முன் வெள்ளை விளக்கு, பின் சிவப்பு. முன் ஃபோர்க்கில் வெள்ளை, பின் கம்பியில் சிவப்பு ஒளிர்பட்டையும் கட்டாயம். பின் விளக்கைப் பாதி வழியில் ஒருமுறை துடையுங்கள், உப்புக் கஞ்சி மூடினால் விளக்கு எரிந்தும் பயனில்லை.

இங்கே மாண்ட்ரியலில் பிக்ஸி வாடகை சைக்கிள் 2023 நவம்பரில் இருந்து குளிர்காலத்திலும் ஓடுகிறது, ஆணி டயரோடு. நகராட்சி வழிக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படி ஒரு சேவையைத் தொடங்க முடியாது. உங்கள் கடிதத்தில் இதைச் சேர்க்கலாம். ரொறன்ரோவின் வாடகை சைக்கிளும் ஆண்டு முழுக்க ஓடுவதுதான், அந்த நிலையங்களை இணைக்கிற லேன்கள் முதலில் வழிக்கப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

செயின்_எண்ணெய்:

ஒன்று சொல்ல மறந்திட்டன். ‑15க்குக் கீழ சில வண்டியில மிதி சும்மா சுத்தும், சில்லு சுத்தாது. செயின் அறுந்ததெண்டு நினைக்காதேங்கோ. பின் அச்சுக்குள்ள இருக்கிற சின்ன நாக்குகள் தடிச்சுப்போன கிறீஸில ஒட்டிக்கொண்டு பல்லில விழாமல் நிக்குது. சூடான இடத்தில பத்து நிமிடம் வைச்சால் அண்டைக்குச் சரியாகும். நிரந்தரமா எண்டால் அந்த நாக்குகள் இருக்கிற ஃப்ரீஹப்பைக் கழட்டிப் பழைய கிறீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் விடவேணும். நவம்பரில ரயர் பூட்டேக்க கடையில இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கோ.

மற்றது தண்டவாளம். மெயின் சந்தியிலும் பிராட்வியூ சந்தியிலும் ஸ்ட்ரீட்கார் தண்டவாளம் டான்ஃபோர்த்தைக் குறுக்கால வெட்டுது. நேரா போகேக்க பிரச்சினையில்லை, 90 பாகையில கடக்கிறீங்கள். அந்த இடத்தில இடது பக்கம் திரும்பவேணுமெண்டால் சைக்கிளில திரும்பாதேங்கோ. நேரே கடந்து, மூலையில நிண்டு, வண்டியைத் திருப்பி, அடுத்த பச்சையில போங்கோ. ஈர இரும்பில கார்பைட் ஆணியும் பிடிக்காது.

டான்ஃபோர்த்_கிழக்கு:

சரி. ரயரும் ஃப்ரீஹப்பும் இந்த மாதமே. கடிதத்துக்கு மெயினில இருந்து பிராட்வியூ வரைக்கும் ஒவ்வொரு சந்தியா நடந்து இடங்களைக் குறிக்கப் போறம். படத்தில என்ன தெரியவேணும்?

வீதி_வரைபு:

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு படம். ஒன்றில் வீதிப் பெயர்ப் பலகை தெரிய வேண்டும். மற்றதில் அளவு நாடாவை லேனுக்குக் குறுக்கே நிலத்தில் வைத்து, மிஞ்சிய அகலம் எண்ணோடு தெரிய வேண்டும். தேதி, நேரம், பனி நின்ற நேரம், 311 கோரிக்கை எண் நான்கையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். ஒரே இடத்தை மூன்று பனிப்பொழிவுக்குப் பிறகும் எடுங்கள்.